ஐம்பத்தெட்டு கிலோ ஆள் தேவை

தாம்பரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எண்பதுகளில் வாழ்ந்தவர்களில் யார் எத்தனை கிலோ என்பது அவரவர் மனைவிக்குத் தெரியாது; குடும்ப டாக்டருக்குத் தெரியாது; ஏன், பல பேருக்குத் தங்களுக்கே தெரியாது. தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டம்ளர் அண்ணா. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் கூண்டேறிச் சொல்வேன்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதாவது ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைப் பார்த்ததில்லை. கீழ்க்கட்டளையில் அவர் வீட்டு வாசலில் நின்று விசாரித்தால் அவருடைய மனைவியே, “டம்ளரு பின்னாடி கொட்டாயிலே கீறாரு, போய்ப் பாருங்க” என்றுதான் சொல்வார்.

பின்னால் இருந்த அந்தக் கொட்டகையில்தான் அவருடைய வண்டி நிற்கும். முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதியில் ஏதோ ஒரு பழைய காரின் அச்சும் இரண்டு சக்கரங்களும். ஆக மொத்தம் மூன்று சக்கரம். அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டிக்கொள்ள, இரண்டு சக்கரத்தில் ஒரு டிரெய்லர். வீடு மாற்றுகிறவர்கள், கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுபோகிறவர்கள், செங்கல் ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வண்டிதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், மற்ற வண்டிகளில் சக்கரத்தைச் சுற்றுவது செயின். இவருடையதில் பெல்ட். குடும்ப நிலம் மனைகளாக விற்றுப்போய்க் கிணற்றைத் தூர்த்தபோது, பம்ப்செட்டில் ஓடிய பெல்ட்டை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்று எடுத்துவைத்துக்கொண்டார். அது வழுக்காமலிருக்கக் காலையில் குங்கிலியப் பொடி தூவுவார். ஆகவே வண்டி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே கோயில் வாசனை வரும். சில கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

“செயின் போட்டுடுங்களேன் அண்ணா” என்று சொல்லாத மெக்கானிக் அந்த வட்டாரத்தில் இல்லை.

“செயினு சண்டைக்காரன்பா. கடகடன்னு கத்திகினே வருவான். பெல்ட்டு சம்சாரி. மன்சுல ஒண்ணு பட்டா மட்டும் தான் உதறும். அப்ப நாமதான் இன்னா ஏதுன்னு கேக்கணும்” என்பார்.

உதறியது என்பதுதான் விஷயம். தனியாகப் போனால் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். டிரெய்லரை மாட்டினால் போதும், பதினெட்டு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து வரைக்கும் பெல்ட் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த உதறல் கொக்கி வழியாக டிரெய்லருக்குப் போய், அதிலிருக்கும் அண்டா, குண்டான், அலமாரி, மாமனார் எல்லோரையும் ஆட்டிவிடும். பதினெட்டுக்குக் கீழே போனால் ஆட்டம் இல்லை. இருபத்தைந்தைத் தாண்டினாலும் இல்லை. இடையில் இருக்கும் அந்த ஏழு கிலோமீட்டர்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் போராடிய எதிரி.

அதற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். டிரெய்லரின் மூக்கு வண்டியின் இடுப்பில் அழுத்துகிறது, அழுத்தினால் அச்சு நகர்ந்து பெல்ட் தொய்கிறது, தொய்ந்தால் உதறுகிறது. ஆகவே டிரெய்லரின் பின்பலகையில் சரியான எடையுள்ள ஓர் ஆளை உட்காரவைத்தால் மூக்கு லேசாகத் தூக்கிக்கொள்ளும், பெல்ட் சமாதானமாகிவிடும். எடை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் டம்ளர். கொக்கிக்கு மேலே ஓர் இரும்பு வளையத்தை வெல்டிங் செய்து, அதில் ஓர் எவர்சில்வர் டம்ளரை உட்காரவைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியிருப்பார். தண்ணீர் சிந்தாவிட்டால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அவர் வண்டியின் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் தெரியாது, லாரி தெரியாது. டம்ளர் மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தே செத்துப்போனவர்கள் அந்த ரோட்டில் நிறையப் பேர்.

வண்டியில் ஏற வேண்டுமென்றால் டிக்கெட் கேட்க மாட்டார். எடைச் சீட்டு கேட்பார். தாம்பரம் ஸ்டேஷனில் காசு போட்டு ஏறி நின்றால் கலர் விளக்கு சுற்றி ஒரு சின்ன அட்டையைத் துப்புகிற மெஷின் இருந்தது அல்லவா, அந்த அட்டை. “கண்ணு பொய் சொல்லும், வாயி பொய் சொல்லும். சீட்டும் பெல்ட்டும் சொல்லாது” என்பது அவர் கொள்கை. அட்டையைப் பார்த்ததும் கொட்டகைச் சுவரில் பெயரையும் எடையையும் பெயிண்டால் எழுதிவைத்துவிடுவார். எழுதியதை மாற்ற மாட்டார், மறுபடி புதுச் சீட்டு கொண்டுவந்தால் ஒழிய.

ஒருமுறை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். சீர்வரிசையை ஏற்றிவிட்டு மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டு வேட்டியோடு பின்பலகையில் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். தொண்ணூற்றாறு கிலோ. வண்டி கிளம்பிப் பத்தடி போனதும் நின்றது.

“சார், எறங்குங்க.”

“ஏன்யா?”

“நீங்க பெரிய மன்சன் சார். அதான் பேஜாரா கீது.”

அவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆட்டுக்கல்லைக் குழவியோடு ஏற்றினார் டம்ளர். வண்டி அருமையாகப் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா நடந்து வந்து சேர்ந்தார். “என்னைவிட ஆட்டுக்கல்லுக்கு மரியாதையா?” என்று பந்தியில் உட்கார மறுத்துவிட, பெண்ணின் அப்பா காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. டம்ளர் அண்ணா அந்தப் பக்கம் நின்று, “ஆட்டுக்கல்லு கரெக்டா இருந்திச்சே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு மன்னிப்பு? ஊஹும்.

இப்படிப்பட்ட மனிதரின் வண்டியில்தான் என் தலையெழுத்து ஏறியது.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையர் பரீட்சைக்கு மூன்றாவது முறையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பரீட்சையில் ஒரு வழக்கம் உண்டு. பேனா கொண்டுபோவது மாதிரி, அவரவர் பழகிய டைப்ரைட்டரை அவரவரே பரீட்சை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போன தடவை என் மெஷின் லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போனதில், பரீட்சை நடுவே காகிதத்தைப் பிடித்து நகர்கிற கேரேஜ் பாதி வழியில் நின்றுகொண்டது. நானும் பாதி வழியில் நின்றேன்.

இந்தத் தடவை அப்படி நிற்க முடியாது. கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை பேசி முடித்திருந்தது. ஹையர் சர்டிபிகேட்டோடு வந்தால் நாற்காலி எனக்கு. வராவிட்டால் அடுத்த ஆளுக்கு. அப்பா ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பரீட்சை வண்டலூர் தாண்டி ஒரு கல்லூரியில். அன்று முகூர்த்த நாள் என்பதால் வழக்கமான டெம்போ கிடைக்கவில்லை. எங்கள் மாஸ்டர் வேறு வழியில்லாமல் டம்ளர் அண்ணாவைக் கூப்பிட்டார். அவர் முந்தின நாளே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, ஒரு மெஷினை எதிர்க் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, பன்னிரண்டால் பெருக்கி, உத்திரத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்து, தீர்ப்புச் சொன்னார்:

“பின்னாடி பலகையில அம்பத்தெட்டு கிலோ ஆளு ஒண்ணு வேணும்.”

“ரெண்டு மெஷினைத் தள்ளிப் பின்னால கட்டிட்டா ஆகாதா?” என்றார் மாஸ்டர்.

“பின்னாடி வச்சா பள்ளத்துல தூக்கிப் போட்டுடும் மாஸ்டர். மெஷினெல்லாம் அச்சு மேல நடுவுல தான் இருக்கணும். பின்னாடி ஆளு தான். அம்பத்தெட்டு. யாரு கீறீங்க?”

ஹாலில் பரீட்சைக்குப் போகும் பன்னிரண்டு பேரும் இருந்தோம். அதில் சுகந்தியும் இருந்தாள். சுகந்தி நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற பெண்; நான் அவள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தால் எனக்கு முப்பதுதான் வரும். ராஜேந்திரன் அறுபத்துநாலு கிலோ என்று பெருமையாகச் சொல்லித் தள்ளுபடியானான். “நீங்க எவ்வளவு இருப்பீங்க?” என்று சுகந்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். கேட்டதோடு லேசாகச் சிரித்தாள். நான் அப்போது சட்டையை மாட்டிவைத்த ஹேங்கர் மாதிரி இருப்பேன்.

“ஐம்பத்தெட்டு” என்றேன்.

“சீட்டு?” என்று கை நீட்டினார் டம்ளர் அண்ணா.

“சாயந்திரம் கொண்டுவர்றேன்.”

சாயந்திரம் அம்மா சொன்ன காய்கறிகளை மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடு ஸ்டேஷன் மெஷினில் ஏறினேன். விளக்கு சுற்றியது. பையில் உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழைக்காய். அட்டையில் சரியாக ஐம்பத்தெட்டு! அந்த அட்டையில் ஜோசியம் வேறு இருக்கும். ‘உங்கள் நேர்மையை அனைவரும் போற்றுவர்’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. டம்ளர் அண்ணா எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கொட்டகைச் சுவரில் என் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு மெஷினையும் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி முடிச்சுப் போட மாஸ்டருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்பதரைக்குள் மெஷின்கள் பரீட்சை ஹாலில் மேஜைமேல் இருக்க வேண்டும். மற்றவர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் மட்டும் பின்பலகையில்.

“இன்னிக்கு டம்ளர்ல ஒரு சொட்டு சிந்தாது பாரு” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பதினெட்டு வந்தது. டிரெய்லர் சிலிர்த்துக்கொண்டது. கண்ணாடியில் அவர் முகம் சுருங்குவது தெரிந்தது. முப்பதுக்கு முறுக்கினார், ஆட்டம் நின்றது. நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பதற்குள், இரும்புலியூர் தாண்டியதும் ஒரு வைக்கோல் லாரி எங்கள் முன்னால் வந்து சேர்ந்தது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகிற லாரியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, சரியாக இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனது. ஒதுங்கவும் இல்லை, வேகமாகவும் போகவில்லை.

இருபது! எங்கள் பெல்ட்டுக்கு ஆகவே ஆகாத இருபது. இன்னும் மெதுவாகப் போனால் ஒன்பதரைக்குப் போய்ச் சேர முடியாது. படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. சாக்குக்குள்ளிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். டைப் அடிக்கும்போது வரி முடியப்போகிறது என்று மணி அடிக்குமே, அந்த மணி. அப்புறம் இன்னொரு ‘டிங்’. அப்புறம் பன்னிரண்டு மெஷின்களும் சேர்ந்து டிங் டிங் டிங் என்று தீபாராதனை நடத்த ஆரம்பித்தன. குங்கிலிய வாசனை வேறு. ரோட்டோரம் சைக்கிளில் போன ஒருவர் இறங்கிக் கும்பிட்டார். எனக்கு மட்டும் அது என் வேலை போகிற மணியாகக் கேட்டது.

பெருங்களத்தூரில் ஓரம்கட்டி நிறுத்தினார் டம்ளர் அண்ணா. இறங்கிவந்து டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“மூணரை விரலு கொறஞ்சிகீது. ஒரு விரலுக்கு ரெண்டு கிலோ. ஏழு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, நீ அம்பத்தெட்டு இல்ல. அம்பத்தொண்ணு.”

சத்தியமாகச் சொல்கிறேன், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கூட இவ்வளவு சரியாக என்னைப் பற்றிச் சொன்னதில்லை. நான் ஐம்பத்தொன்றுதான்.

“சீட்டு அண்ணா...” என்று இழுத்தேன்.

“சீட்டு சரி. பெல்ட்டும் சரி. அப்போ நடுவுல கீறவன் தான் தப்பு. வெயிட்டு மெஷின் மேல இன்னாத்த எடுத்துகினு ஏறினே?”

“காய்கறிப் பை.”

நான் உடைந்துபோய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுகந்தி கேட்டதையும் சொன்னேன், கிண்டி வேலையையும் சொன்னேன். ஏழு கிலோ பொய்யால் என் மெஷின் மட்டுமல்ல, மீதிப் பதினொரு பேரின் மெஷின்களும் வீணாகப் போகின்றனவே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைத் திருப்பி வாட்சில் மணி பார்த்தார்.

“எட்டே முக்கா. ஏழு கிலோ தானே? வாங்கிடலாம் வா.”

“ரோட்டுல ஒரு கல்லை எடுத்து வச்சுக்கவா?”

“கல்லு இன்னா வெயிட்டுன்னு உனுக்குத் தெரியுமா? அது குதிச்சி மெஷின் மேல வுழுந்தா? மடியில அடங்கி ஒக்கார்ற பொருளா இருக்கணும். தராசுல நிறுத்துத் தரணும்.”

பக்கத்தில் ஒரு காய்கறிக் கடை. கடைக்கார அம்மாள் வெள்ளைப் பூசணிக்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏழு கிலோவுல ஒரு பூசணிக்கா குடும்மா. கரெக்டா ஏழு.”

“இன்னாய்யா, சட்டையா இது, அளவெடுத்துத் தைக்கறதுக்கு? அது இன்னா வெயிட்டு வளந்துச்சோ அதான்.”

ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி இறக்கினார்கள். எட்டு, ஐந்தரை, ஒன்பது. கடைசியில் ஆறே முக்காலில் ஒன்று கிடைத்தது. டம்ளர் அண்ணாவுக்குத் திருப்தியில்லை. கால் கிலோ வெங்காயத்தை வாங்கி என் சட்டைப் பையில் போட்டார். “இப்ப கரெக்ட்டு” என்றார். டம்ளரில் மறுபடி விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார்.

நான் பூசணிக்காயை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. பெல்ட் உதறவில்லை. ஒரு ‘டிங்’ இல்லை. வண்டலூருக்குச் சற்று முன்பே, டீக்கடையில் நின்றுவிட்டுக் கிளம்பிய அதே வைக்கோல் லாரியை எட்டிப்பிடித்து, அதன் பின்னாலேயே அதே இருபதில் போனோம். டம்ளரில் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் டம்ளர் அண்ணா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது இருபதுக்குக் கல்லூரி வாசல். மாஸ்டரும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். நான் பூசணிக்காயோடு இறங்க முடியாமல் தவித்தேன்.

“எதுக்குங்க பூசணிக்காய்?” என்றாள் சுகந்தி.

மானம் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டம்ளர் அண்ணாவின் குரல் கேட்டது: “திருஷ்டிம்மா. என் வண்டிக்கு கண்ணு பட்டுடிச்சி. அதான் வாங்கினேன்.”

“இவர் மடியில ஏன் வச்சிருக்கார்?”

“திருஷ்டிக்கு வாங்கினத கீழ வெக்கக் கூடாதும்மா. தம்பி அம்பத்தெட்டு கிலோ ஆளு, அசையாம புடிச்சிகினு வந்தாரு.”

சுகந்தி என்னை மரியாதையாகப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக நான் எழுபது கிலோ பூசணிக்காயைக்கூடத் தூக்கியிருப்பேன்.

பரீட்சையில் என் மெஷின் தேர் மாதிரி ஓடியது. கேரேஜ் நிற்கவில்லை, எழுத்து தூக்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால், யாரோ கற்பூரம் வாங்கிக்கொண்டுவந்து, “உடைச்சிடலாம் அண்ணா” என்று தயாராக நிற்கிறார்கள். டம்ளர் அண்ணாவுக்குப் பகீரென்றது. திரும்பிப் போகவும் அந்த ஏழு கிலோ வேண்டுமே! “எங்க வூட்டு வாசல்ல தான் உடைக்கணும். இங்க உடைச்சா காலேஜுக்கு ஆவாது” என்று ஒரு புதுச் சாஸ்திரத்தை அங்கேயே உண்டாக்கி, பூசணிக்காயைக் காப்பாற்றி என் மடியில் திரும்ப வைத்தார். அது கடைசி வரை உடையவே இல்லை. அவர் மனைவி அதைக் கூட்டு வைத்து நாலு நாள் போட்டதாகப் பிறகு குறைப்பட்டுக்கொண்டார்.

பாஸ் செய்தேன். கிண்டி நாற்காலி கிடைத்தது. சுகந்தி கிடைக்கவில்லை, அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எழுபது கிலோவுக்குக் குறையாது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தே எனக்குச் சதை பிடித்தது. கல்யாணம் ஆயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் லோன் போட்டுச் சேலையூரில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். கிருகப்பிரவேசப் பத்திரிகையில் முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன்.

கொட்டகையில் அதே வண்டி, அதே வாசனை. டம்ளர் அண்ணா பெல்ட்டுக்குப் பொடி தூவிக்கொண்டிருந்தார். பத்திரிகையை வாங்கி இரண்டு தடவை படித்தார். நான் சுவரைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பெயர்களும் எண்களும். பல எண்கள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. என் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு அப்படியே இருந்தது.

“அண்ணா, இது பொய்க் கணக்குன்னு உங்களுக்கே தெரியுமே. அன்னிக்கே திருத்தியிருக்கலாமே?”

“எதுக்குத் திருத்தணும்?” என்றார், பெல்ட்டைத் தடவிக்கொண்டே. “அன்னிக்கு என் வண்டியில நீ அம்பத்தெட்டு தான். பெல்ட்டே ஒத்துகினுச்சி. அப்பால நான் யாரு?”

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார், எவர்சில்வர் டம்ளரில், விளிம்பு வரை. வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த பிரியத்தை எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மோர் ததும்பி விரலில் வழிந்தது.

டம்ளர் அண்ணா அதைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சிந்துகிற ஒரு டம்ளரைப் பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.